வாசல் இல்லாத வீட்டுக்கு வழி

ஆக்லாந்து
ஜூன் 2, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை லாகி எழுதுவது. நானும் கிரெய்க்கும் பிள்ளைகளும் சுகம். ஆகஸ்டில் நாங்கள் நால்வரும் சவாயிக்கு வருகிறோம். கடற்கரையில் வெள்ளைக்காரர்களுக்கு நீ வாடகைக்கு விடும் குடிசைகளில் ஒன்றை எங்களுக்கு ஒதுக்கி வை. கிரெய்க்குக்கு நம் தீவு புதிது. கப்பல், பஸ், குடிதண்ணீர், உடுப்பு என்று மற்றப் பயணிகளுக்குச் சொல்வதையெல்லாம் எங்களுக்கும் எழுது. அண்ணனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உன்
லாகி

சவாயி
ஜூன் 17

மதிப்பிற்குரிய பயணி அவர்களுக்கு,

பக்கத்துத் தீவான உபோலுவிலிருந்து காலைக் கப்பலில் வரவும். அலை அதிகம், பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். பஸ்ஸில் இடமில்லாவிட்டால் யாராவது தம் மடியில் உட்காரச் சொல்வார்கள். அது மரியாதைதான், உங்கள் கணவர் பதற வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். நீச்சல் உடையோடு ஊருக்குள் நடக்கக் கூடாது. இடுப்பில் துணி சுற்றிக்கொள்ளவும். மாலையில் சங்கு ஊதினால் ஜெபநேரம், தெருவில் யாரும் நடமாடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினால் ஊர்ப் பெரியவர்கள் சும்மா விடமாட்டார்கள். தென்னை மரத்தடியில் படுக்க வேண்டாம்.

போதுமா, பயணியம்மா? எனக்கு வயிறு எரிகிறது லாகி. நீ பிறந்த வீட்டில் பாய்க்கா பஞ்சம்? உன்னைக் குடிசையில் படுக்கச் சொன்னது யார்?

மரேத்தா

ஆக்லாந்து
ஜூலை 1

அக்கா,

வேறு யார், அண்ணன் தாவிட்டாதான். எனக்குக் கல்யாணம் ஆன வாரம் பாதிரியார் வீட்டுப் போனில் பேசினான். “குடும்பத்துல ஒரு வார்த்தை கேக்காம வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டல்ல? இனிமே என் வாசலை மிதிக்காதே” என்றான். குடும்பத்துக்குத் தலைவன் அவன். அவன் சொல்லை நீயும் மீற முடியாது, நானும் மீற முடியாது. பயணியாக வருவதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம். உன்னைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். ஏங்கிப் போய்விட்டேன் அக்கா.

லாகி

சவாயி
ஜூலை 15

என் கண்ணான லாகிக்கு,

உன் கடிதத்தை அண்ணனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். திட்டாதே.

“தூணும் கூரையும் மட்டும்தான், சுத்திவரச் சுவரே இல்லாத வீடு நம்மது. எந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொன்னே அண்ணே?” என்று கேட்டேன். முறைத்தான். “சொன்னது சொன்னதுதான்” என்றான்.

“சரி, விருந்தாளியாவே வரட்டும். ஒருநாள் அவங்களைச் சாப்பிடக் கூப்பிடாம இருக்க முடியுமா? நம்ம வழக்கம் உனக்கே தெரியும். அவ சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நாம எதிர்ல உக்காந்து விசிறணும், ஈ ஓட்டணும். மிச்சம் இருந்தாத்தான் நமக்கு. அவகூட ஒரு வாய் சேந்து சாப்பிட முடியாது” என்றேன்.

எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். பொழுது சாய வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சுரண்டினான். எப்போதாவது இந்த வேலைக்கு வந்திருக்கிறானா அவன்?

“கூடப் பொறந்தவ முன்னால நான் வேத்தாளு மாதிரி விசிறிக்கிட்டு உக்காரணுமா? என்னால ஆகாது. குடிசையெல்லாம் ரொம்பிடுச்சுன்னு அவளுக்கு எழுது” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் அழுதான், லாகி. நான் பார்த்தேன்.

வீட்டில் உங்கள் நால்வருக்கும் பாய் எடுத்து வைத்துவிட்டு, கிரெய்க்குக்கு எத்தனை சீமைப்பலா சுட வேண்டும் என்று இப்போது என்னைக் குடைகிறான்.

குடிசைகள் எல்லாம் காலியாகத்தான் கிடக்கின்றன. உனக்கு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

உன் அக்கா
மரேத்தா