வெள்ளிக்கிழமைப் பேய்

ஷாமினி,

இன்னிக்கு ஓவர்டைம், பேக்டரிக்குப் போறேன். குக்கர்ல சோறு இருக்கு. நெத்திலி சம்பல் மூடி வச்சிருக்கேன். உன் கூட்டாளி தர்ஷினி வந்தா அவளுக்கும் போடு.

நேத்து நான் கத்துனது கத்துனதுதான். வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துற நேரத்துல, நடு ஹால்ல ஒரு பொண்ணு தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு நின்னா எந்த அம்மா சும்மா இருப்பா? ஆனா லைட்டெல்லாம் போட்டு உன் ஷூட்டிங்கைக் கெடுத்திருக்க வேணாம். வாடகை கேமராவ இன்னிக்குத் திருப்பிக் குடுக்கணும், பேய்ப்பட டிரெய்லர திங்கக்கிழமை காலேஜுல காட்டணும்னு நீ சொன்னத நான் காதுலயே வாங்கல.

காலையில நீ தூங்குறப்ப, நேத்து எடுத்தத கேமராவுல போட்டுப் பாத்தேன். தர்ஷினி பேய் மாதிரியே இல்ல, சிரிப்ப அடக்கிக்கிட்டு நிக்கிறா. திடீர்னு லைட் எரியுது, கையில கரண்டியோட நான் வரேன். எனக்கே பக்குன்னு ஆயிருச்சு லா. திரும்ப எடுக்க வேணாம், அதையே போட்டுக்க.

சாவி செருப்பு ரேக்குக்குள்ள இருக்கு.

இன்னொண்ணு. கடைசியில பேர் போடுறப்ப 'பேய்: புஷ்பலீலா'ன்னு போட்டுடாத. 'அம்மா: புஷ்பலீலா'ன்னு போடு.