எல்லோருக்கும் எண்ணூறு

பங்குனி 9, செவ்வாய்

இன்று வல்லத்தில் எங்கள் நிலத்தில் நிலக்கடலைச் செடி பிடுங்கும்போது அம்மா மயங்கி விழுந்தாள். செஞ்சி கடைத்தெருவில் எடை குறைப்பு நிலையம் வைத்திருக்கும் ஆள் ஒரு நாளைக்கு எண்ணூறு கலோரிதான் சாப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறான். வங்கியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் எண்ணூறு, நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிற்கும் அம்மாவுக்கும் அதே எண்ணூறு.

மாலையில் போய்க் கேட்டேன்.

"மயக்கம் வந்தா கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம் மேடம்."

"எங்கம்மா இன்னா வேலை செய்யுதுன்னு கேட்டீங்களா?"

"இன்னா வேலையா இருந்தா இன்னா மேடம், உடம்பு உடம்புதானே" என்று சிரித்தான். சத்துமாவு டப்பா ஒன்றையும் என் பக்கம் நகர்த்தினான். இவனைத்தான் ஊரே 'சார்' என்று கூப்பிடுகிறது.

உடல் செலவழிப்பதைவிட ஐந்நூறு கலோரி போலக் குறைத்துச் சாப்பிட்டு, மெதுவாக இளைத்தால் போதும் என்றார், மதியம் அம்மாவைக் கொண்டுபோய்க் காட்டிய ஆஸ்பத்திரி டாக்டர். செலவு எவ்வளவு என்றே கேட்காமல் குறைக்கச் சொல்கிறவனுக்குக் கூட்டல் கழித்தல்கூடத் தெரியாது.

இரவு அம்மாவுக்குச் சோறும் கீரைக்குழம்பும் வைத்தேன். அவள் நாலு வாய்தான் சாப்பிட்டாள்.

"சாப்பிடும்மா. அவன் ஒரு முட்டாள்."

"அப்படிச் சொல்லாதடி. வாரா வாரம் எடை பார்த்துட்டு, எல்லார் எதிர்லயும் எனக்குக் கைதட்டச் சொல்லுது அந்தத் தம்பி. என் ஆயுசுல எனக்கு யாருடி கைதட்டியிருக்காங்க?"

கைதட்டலுக்குப் பட்டினி கிடப்பவளிடம் டாக்டரின் கணக்கை எப்படிச் சொல்வது? தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். கடலைக் கொல்லையில் பாதிதான் முடிந்திருக்கிறது, நாளைக்கும் பிடுங்கப் போகிறாளாம்.