கிளட்சுக்கு எண்ணெய்

தூத்துக்குடி
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஜெஸ்டின் அத்தானுக்கு,

உங்கள் ஏஞ்சலின் எழுதுவது. நானும் மாமாவும் இங்கே சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். "வண்டி என்ன ஆச்சு?" என்று நீங்கள் மூன்று நாளாகக் கேட்டும் "விவரம் கடிதத்தில்" என்று மட்டும் அனுப்பியதற்குக் கோபப்பட்டிருப்பீர்கள். நான் என்ன செய்ய? போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் குறுக்கே பத்து கேட்பீர்கள், அதற்குள் கப்பலில் நெட் போய்விடும். மரியான் நாளைக்குச் சிங்கப்பூர் வந்து உங்கள் கப்பலில் ஏறுகிறான். மக்ரூனும் நெத்திலிக் கருவாடும் அவன் பையில் ஏறியாயிற்று, இதுவும் கூட வருகிறது. குறுக்கே பேசாமல் வரிசையாகப் படியுங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உங்கள் டுகாட்டி பைக்குக்குப் பதினைந்து வயது முடிகிறது, ஆர்டிஓ ஆபீஸில் ஓட்டிக் காட்டினால்தான் ஆர்.சி. புதுப்பிப்பார்கள் என்று நான் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? நின்றே கிடந்த வண்டி, பெல்ட் மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது, உப்புக்காற்றில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றீர்கள். வியாழக்கிழமை தன் காலில் ஆபீஸ் போய் பாஸானால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் சனிக்கிழமை கொச்சிக்காரர் வந்து பாகம் பாகமாகக் கழற்றி விற்கத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றீர்கள். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டீர்களே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் வீட்டில் இல்லையா? அந்த வண்டியே என் பேரில்தானே இருக்கிறது! அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கொச்சிக்காரருக்கு ஒரு ஸ்க்ரூ கூடக் கிடையாது என்று.

நீங்கள் இத்தாலியில் கப்பல் நின்றபோது வாங்கிவந்து அலமாரியில் வேட்டிக்கு அடியில் வைத்திருந்த டைமிங் பெல்ட் இரண்டையும் எடுத்தேன். ஓட்டப்பிடாரத்திலிருந்து உங்கள் பாலிடெக்னிக் கூட்டாளி செந்தில்முருகன் அண்ணன் வந்தார். வண்டி ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும், அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு இன்ஜின் காலி என்றார் அவர். பெல்ட்டை மாட்டி, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பார்க்க அதைச் சுண்டிவிட்டு அதன் ஒலியை அளக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். கோயிலில் பாட்டுக்கு கிதார் சுருதி சேர்க்க என் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறேனே, அதை வைத்து நானே அளந்தேன். நீங்கள் இருந்தால் என்னைப் பக்கத்தில் விட்டிருப்பீர்களா?

புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்தோம். அத்தான், முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது! தெரு நாய்கள் எல்லாம் சிட்டாகப் பறந்துவிட்டன. நான் குதித்த குதியில் செருப்பு ஒரு பக்கம் போய்விட்டது. ஆனால் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின்தான் கத்துகிறதே தவிர, வண்டி நத்தை மாதிரி ஊர்கிறது. ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்டச் சத்தம்தான் கூடியது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்று சொல்லிவிட்டு அண்ணன் தலையைச் சொறிந்தார். அன்று செவ்வாய்க்கிழமை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அப்போது மாமா எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார் பாருங்கள். "எதுக்குளா அழுத? எம் மவன் வண்டியில ஆணி டப்பாவ உலுப்புன மாரி ஒரு சத்தம் கெடக்குமே, அது போச்சுல்லா? நாந்தான் நிறுத்துனேன்" என்றார் பெருமையாக.

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஏதோ உடைந்து கிடக்கிறது என்று தெருவில் யாராவது சொன்னால் நீங்கள் பிடித்துவைத்துப் பாடம் எடுப்பீர்களே, இது டிரை கிளட்ச், எண்ணெயே படக்கூடாது, காய்ந்த பிளேட் ஆடுகிற சத்தம் இது, இந்தச் சத்தம் வந்தால்தான் நல்லது என்று. எத்தனை தடவை கேட்டிருப்பேன்! சத்தத்தை எப்படி மாமா நிறுத்தினீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். சனிக்கிழமைதோறும் வண்டியைத் துடைக்கும்போது, கிளட்ச் மூடியில் இருக்கிற ஓட்டைகள் வழியாகப் பெயின்ட் பிரஷ் விட்டு லாஞ்சிப் படகு இன்ஜின் ஆயில் தடவினாராம். நீங்கள் கப்பல் ஏறின வாரத்திலிருந்து, ஒரு வாரம் விடாமல்! காலமெல்லாம் லாஞ்சியில் இன்ஜின் பார்த்தவர் வேறு என்ன செய்வார்? "கடக்கரையில கெடக்குற இரும்ப எண்ணெ போடாம வச்சா அது என்னத்துக்கு ஆவும்? மூடியில ஓட்ட வச்சிருக்கதே எண்ணெ விடத்தானே?" என்று என்னையே கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்த எண்ணெயில் பிளேட் வழுக்குவதால்தான் வண்டி நகரவில்லை என்று சொன்னதும் மாமா முகம் சுருங்கிவிட்டது. பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க, மாமா பெட்ரோலில் கழுவ, நான் துடைக்க, துணி கறுப்பாக வர, மறுபடி கழுவ, இப்படியே பொழுது போய்விட்டது. வீட்டில் கிடந்த துணி தீர்ந்து, நீங்கள் துபாயில் வாங்கிக் கொடுத்த, முகம் துடைக்கிற லேஞ்சிகளையும் மாமா கொண்டுவந்து போட்டார். எல்லாவற்றையும் மொட்டை மாடியில் கருவாட்டுப் பாயில் காயவைத்தோம். காக்கா எதையும் தூக்கவில்லை.

புதன் சாயங்காலம் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால், கடகடகடவென்று அந்த ஆணி டப்பா! நான் கை தட்டினேன். அண்ணன் விசில் அடித்தார். மாமா காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சனியனுக்கா இவ்வளவு பாடு" என்றார், ஆனால் சிரித்துவிட்டார். கிளட்சை விட்டதும் வண்டி என் கையை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

வியாழன் காலையில் உங்கள் ஹெல்மெட், என் சுடிதார், சர்ச் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலை, இவற்றோடு கிளம்பினேன். அப்பாவின் புல்லட்டில் பழகி எடுத்த லைசென்ஸ் இப்போதுதான் உருப்படியாகப் பயன்பட்டது. ஹார்பர் லாரிகளுக்கு வழி விட்டு வழி விட்டே போனேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சீட் அடுப்பாகக் கொதிக்கிறது, இதை ஏன் நீங்கள் சொன்னதே இல்லை? ஆபீஸில் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், உள்ளே எதுவும் உடைந்து கிடக்கிறதா என்று கேட்டார். உங்கள் பாடத்தை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். ஓட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். பாஸ்! அத்தான், பாஸ்! கொச்சிக்காரருக்கு நானே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்ப மனசே வரவில்லை. அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கீழவைப்பாருக்கு, எங்கள் அம்மா வீட்டுக்குப் போனேன். ஊருக்குள் முரண்டு பிடித்துக் குலுங்கிய வண்டி, தருவைக்குளம் தாண்டி ரோடு காலியானதும் வேறு வண்டியாகிவிட்டது. மூன்றாவது கியரில் முறுக்கினேன். உப்பளமும் கடலும் சேர்ந்து பின்னால் ஓடின. ஹெல்மெட்டுக்குள் நான் கத்திய கத்து எனக்கே கேட்டது. எவ்வளவு வேகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. நீங்கள் இந்த வண்டி மேல் ஏன் இப்படி உயிரை வைத்திருக்கிறீர்கள் என்று இத்தனை வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது.

கீழவைப்பார்க் கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆர்.சி. இன்னும் ஐந்து வருஷம் செல்லும் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஐந்து வருஷம்! சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தவள், அங்கே உட்கார்ந்துதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் என்றால், இந்த ஐந்து வருஷத்தில் நீங்கள் நம் வீட்டில் இருக்கப்போவது ஒன்றேகால் வருஷம். அதிலும் இந்தத் தடவை இன்னும் நாலு மாதம் நீட்டிக்கக் கையெழுத்துப் போடப் போகிறீர்களாமே, மரியான் வாய்தவறிச் சொல்லிவிட்டான். நீங்கள் என்னிடம் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதவில்லை அத்தான். இனிமேல் வண்டியைப் பற்றி உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். பெல்ட் மாற்ற, செயின் பார்க்க, வாரம் ஒருமுறை ஓட்ட, மாமா கையிலிருந்து எண்ணெய் டப்பாவைப் பிடுங்கிவைக்க, எல்லாவற்றுக்கும் நான் இருக்கிறேன். அதற்காக நீங்கள் ஊருக்கு வர வேண்டாம். எனக்காக வாருங்கள்.

பனிமய மாதா உங்களைப் பத்திரமாக, சொன்ன தேதியில், கரை சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்
ஏஞ்சலின்