சாகாமக் குளத்துக்குப் போறம்

ராத்தா,

புள்ளைகள் ரெண்டையும் சாகாமக் குளத்துக்குக் கூட்டிப் போறன். "வாப்பா மௌத்தான வீட்டுப் புள்ளைகளுக்குக் காடும் குளமும் என்னத்துக்கு?" எண்டு ராவு ஏசினீங்க. வெளிய போகாம வீட்டோட இருக்கிற இத்தா உங்களுக்குத்தான் ராத்தா, அதுகளுக்கு இல்ல. அதுகளும் உங்களோட சேந்து அறைக்குள்ளேயே அடைஞ்சு கிடக்குதுகள்.

சோறும் மீனாணமும் மூடி வெச்சிருக்கன். இண்டைக்காவது சாப்பிடுங்க. ஆரும் வந்து கூப்பிட்டா நீங்க வெளிய போக வேணாம், பக்கத்து வீட்டுல சொல்லிருக்கன். ஆனை வாற பக்கம் போக மாட்டம். பின்நேரம் அஸறுத் தொழுகைக்கு முன்ன வந்திருவம்.

றிஸ்னா

மறந்திட்டன். மச்சான்ட சாரன் அலுமாரிக்குள்ள இல்லையெண்டு தேடாதீங்க. "வாப்பாவும் குளத்துக்கு வருவார்தானே, குளிச்சிட்டு எத உடுப்பார்?" எண்டு சின்னவன் அத மடிச்சுப் பையில வெச்சிட்டான். வெளிய எடுக்க எனக்குக் கை வரல்ல.