எலியாசரின் மூக்கும் இடது காலும்

ஆம்பூர்
1936 மார்ச்சு 9, திங்கட்கிழமை

என் அருமை மகன் எலியாசருக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இரண்டு ஆடுகளும் சுகம். நீயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை, ஆகையால் நீ சீக்கிரம் நல்ல புத்திக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. அடுப்பங்கரையில் நின்றபடியே உரக்கப் படித்தேன், அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார். லாரி ஓட்டும் வேலை உனக்கு ஒத்துவராதாம், பூனாவை விட்டு ஊருக்கே வந்துவிடுகிறாயாம், சின்னசாமி மேஸ்திரியிடம் சொல்லித் தோல் பதனிடுகிற ஷாப்பில் அப்பாவோடு ஒரு இடம் பிடித்து வைக்க வேண்டுமாம். காரணம் என்னவென்றால் உனக்கு மூக்கு இல்லையாம்! சரக்கு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கணவாய் ஏறும்போது நீ ஓட்டினாய், வண்டி கற்றுத்தருகிற உஸ்தாத் பக்கத்தில் கொஞ்சம் கண் அசந்தார், கிளச்சு தீய்ந்து நாற்றம் எடுத்தது, பின்னால் மூட்டைமேல் படுத்திருந்த கிளீனருக்குக்கூட அது எட்டியது, ஓட்டுகிற உனக்கு எட்டவில்லை. வண்டி பின்னால் நழுவப் பார்த்தது, அந்தக் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்தினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நீ முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு அழுது கடிதம் எழுதுகிறாய். மூக்கு இல்லாதவன் இஞ்சின் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று உஸ்தாத் கத்தினாராம். கத்தத்தான் கத்துவார், அவர் வண்டி அது, மலைமேல் ஒன்றரை நாள் நின்றிருக்கிறது. ஆனால் வண்டி சரியானதும் அவரே வாடா வந்து ஓட்டு என்று கூப்பிட்டபோது நீ போய் மூட்டைமேல் ஏறிப் படுத்துக்கொண்டாயே, அந்த ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து வந்திருக்காது, நான் திட்டு வாங்கினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறவள்.

மூக்கு விஷயத்தில் நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. தோல் நாற்றத்திலேயே பிறந்து வளர்கிற நம் ஊரில் யாருக்கடா மூக்கு இருக்கிறது? மெட்ராஸ் ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிறார்கள், நாம் நின்று இவர்களுக்கு இன்னா ஆச்சு என்று வேடிக்கை பார்க்கிறோம். அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்துக்கொண்டு நின்றேன் என்றேனே, அப்போது அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து சட்டி கருகிப் போயிற்று. நானும் அப்பாவும் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம். தெருவோடு போன வெளியூர்க்காரி, ஆலங்காயத்துத் தயிர்க்காரி, உள்ளே எட்டிப் பார்த்து, இன்னாம்மா ஊடு பத்திக்கிச்சா என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். சட்டியைத் தேய்த்துத் தேய்த்து என் கை வலிக்கிறது, அந்தச் சட்டியும் உன் கணக்குதான்.

அப்பாவுக்கோ உன் கடிதம் தேன் மாதிரி இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே மேஸ்திரி வீட்டுக்குப் போய்விட்டார். தோலைச் சுண்ணாம்பில் போடுகிற ஊறல் தொட்டியில் ஒரு ஆள் இடம் காலி, புதன்கிழமை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று சின்னசாமி சொல்லிவிட்டாராம். திரும்பி வரும்போது வழியிலேயே கருவாடு வாங்கிக்கொண்டு வந்தார். புள்ள வர்றான், இனிமே ராத்திரி லாரி சத்தம் கேட்டா எழுந்து உக்கார வேணாம் என்றார். நீ போன நாள் முதல் அவர் அப்படித்தான், சாலையில் லாரி போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உன்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எலியாசர், அன்று கருவாட்டுக் குழம்பு பிசையும்போது அவர் கையைப் பார்த்தேன். இருபது வருஷம் சுண்ணாம்பு தின்ற கை, நகம் என்று சொல்ல நாலோ ஐந்தோதான் மிச்சம், காரம் பட்டால் எரிகிறது என்று இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறார். அந்தக் கைதான் நமக்குச் சோறு போட்டது, அதை நான் முத்தம் செய்வேன், ஆனால் அதே போல இன்னொரு ஜோடி கை என் வீட்டில் எனக்கு வேண்டாம். இதை நான் அப்பா காதில் விழ உரக்கவே சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். அடுத்த தெரு ரஃபி அகமது வேலூர் பஸ் ஓட்டுகிறான் அல்லவா, அவனும் இந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே, இவன் எப்படி ஓட்டுகிறான் என்று கேட்போம் என்று போனேன். உன் கதையை முழுக்கச் சொன்னேன். அவன் பீடியை எறிந்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, அக்கா, பையன் எடது கால எங்க வெச்சினு ஓட்டுறான் என்றுதான். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது, ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் இடது காலைப் பற்றி எனக்கா தெரியாது! ரெண்டு வருஷம் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறங்கித் தோல் மிதித்த கால் அது, அதற்கப்புறம் எங்கே உட்கார்ந்தாலும் சும்மா இருந்ததே இல்லை. கோயிலில் ஜெபம் நடக்கும்போது நீ மிதிக்கிற மிதியில் பெஞ்சு ஆடி முன்வரிசைக்காரர்கள் முறைப்பார்கள். அதைச் சொன்னதும் ரஃபி தொடையில் தட்டி, அதான், கிளச்சு மேலயும் தோல் மிதிச்சினே போயிருக்கான், ஏத்தத்துல அப்படி மிதிச்சா எரியாம இன்னா பண்ணும் என்றான். கிளச்சு தானாக எரியாதாம். கியர் மாற்றும்போது மட்டும் மிதித்து, மாற்றியதும் காலை எடுத்துக் கீழே பலகையில் வைத்துவிட வேண்டுமாம். இஞ்சின் மட்டும் கத்தி வண்டி ஏறாமல் நின்றால் அதுதான் அடையாளமாம், அதற்கு மூக்கு வேண்டாம், காது போதுமாம். ஆக ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நீ காலை விட்டுவிட்டு மூக்கைப் பழி சொல்கிறாய்.

ஆனால் ரஃபி நேர்மையானவன், இன்னொன்றும் சொன்னான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அக்கா, எனக்கும் மூக்கு கம்மிதான், எனக்குப் போற வழியில மலை இல்ல, சமாளிச்சிட்டேன், உங்க பையன் மலை எறங்குறவன், பிரேக்கு தீயறது மொதல்ல மூக்குக்குத்தான் தெரியும், அவனுக்கு அது வேணும் என்றான். அங்கே வந்த சிரிப்பு வீடு திரும்பும்போது எனக்கு இல்லை. ராத்திரி முழுக்க அதே யோசனை. காலைத் திருத்தலாம், இல்லாத மூக்கை எந்தக் கடையில் வாங்கி அனுப்புவேன்? ஒருவேளை அப்பா சொல்வதுதான் சரியோ என்றுகூட ஒரு நாழிகை நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா எலிசபெத்து ஜோலார்பேட்டையிலிருந்து பிள்ளையோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு ரயில் ஷெட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டதாம், பிள்ளைக்கு ரெண்டு பல் வந்திருக்கிறது, உன் சாயல்தான், காரணமில்லாமல் கோபித்துக்கொள்கிறான். அவளை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலை விட்டு இறங்கும்போதே முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்! இன்னாடி, பொறந்து வளர்ந்த ஊர்ல தொரசானி வேஷமா என்று பிளாட்பாரத்திலேயே கேட்டுவிட்டேன். வேஷம் இல்லம்மா, நெசமாவே கொமட்டுது, அங்க போன ஆறு மாசத்துல எனக்கு மூக்கு வந்துடுச்சி என்றாள்.

அவ்வளவுதான், பிள்ளையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு விறுவிறு என்று வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். கடைசியில் நாலு வரி எழுதியிருந்தாயே, போன மாதம் நான் அனுப்பிய போர்வையைப் பற்றி. அது தோல் நாற்றம் அடிக்கிறது, ரெண்டு தரம் சோப்பு போட்டுத் துவைத்தும் போகவில்லை, மூடிக்கொண்டு படுத்தால் தூக்கம் வரவில்லை, லாரி ஷெட்டுக்கு வெளியே கொடியில் போட்டிருக்கிறேன் என்று. சனிக்கிழமை அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். என் பழைய புடவைகளை அடுக்கி வைத்துக் கையால் தைத்துப் பாலாற்று மணலில் காயவைத்து அனுப்பின போர்வை, பெற்றவள் கொடுத்தது நாறுகிறதாம் என்று அப்பாவுக்குக்கூட அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே வரியைப் படித்து, பின்னாலேயே வந்து சேர்ந்த எலிசபெத்தைக் கட்டிக்கொண்டேன். அட மக்கு மகனே, போர்வை நாறுகிறது என்று யாருக்குத் தெரியும்? மூக்கு உள்ளவனுக்குத்தானே தெரியும்! நான் மூன்று நாள் அதை மடியில் வைத்துத் தைத்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

அப்படியானால் கிளச்சு தீய்ந்தது ஏன் எட்டவில்லை என்று கேட்பாய். நன்றாக யோசித்துப் பார், எட்டவில்லையா, எட்டியும் சும்மா இருந்தாயா? நம் ஊரில் பிள்ளை வாய் பேசத் தொடங்கினதும் எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுக்கிறோம், நாத்தம்னு சொல்லாதே, அது சோறு என்று. நீயும் அப்படி வளர்ந்தவன்தான். எங்கேயோ ஏதோ நாறினால் அது நாறிக்கொண்டேதான் இருக்கும், நமக்கென்ன என்று தாண்டிப் போகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. தோல் ஷாப்பில் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஒரு நாள் நிற்க முடியாது, லாரியில் அந்தப் பழக்கம் இருந்தால் ஒரு மலை இறங்க முடியாது. ஆகையால் இப்போது அம்மா வேறே பாடம் சொல்கிறேன், நாற்றம் அடித்தால் வாயைத் திறந்து சொல், வண்டியை நிறுத்து, இறங்கிப் பார். ஒன்றும் இல்லாமல் உஸ்தாத் திட்டினால் திட்டட்டும், திட்டினால் தோல் உரியாது.

இன்று காலையில் நானே சின்னசாமி மேஸ்திரியிடம் போய், என் மகன் வரமாட்டான், அந்த இடத்தைச் செல்லம்மாள் மகன் ரத்தினசாமிக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவன் மூன்று மாதமாக வேலை இல்லாமல், சம்சாரமும் கைக்குழந்தையுமாகத் திண்டாடுகிறான். சின்னசாமி, ஊட்டுக்காரரைக் கேட்டியாம்மா என்றார். கேட்டிருந்தால் நடந்திருக்குமா? மத்தியானம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றைப் பாதியில் விட்டுத் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், இது எனக்குப் பெரிய பேஜாராக இருக்கிறது. ராத்திரி மூக்குக் கதையை எல்லாம் சொன்னேன். போர்வை வரியையும் படித்துக் காட்டினேன். இந்தக் கடிதத்தை ஒரு நாள் தோல் காயப்போடுகிற கொடியில் போட்டு அனுப்பினால், மூக்கு இருக்கிறதா என்று பையனுக்கே தெரிந்துவிடும் என்றும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதுவரை எழுதி விளக்கை அணைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். காலையில் வேலைக்குக் கிளம்பின அப்பா வாசல் வரை போய்த் திரும்பி வந்து கையை நீட்டினார். கொடியில போட்டா எப்படி நாறும், காத்து அடிச்சினு போய்டும், குடு இங்க என்றார். இந்தக் காகிதங்களை மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போய் நாள் முழுக்க ஊறல் தொட்டியில் வேலை செய்திருக்கிறார். ஓரம் ஈரமாகி எழுத்துக் கலைந்திருப்பது அதனால்தான், நான் அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, பட்டினியாக ஸ்டியரிங் பிடிக்காதே, கட்டை போட்ட அந்தக் கிளீனருக்கு அம்மா கும்பிட்டதாகச் சொல். ஈஸ்டருக்குப் பிறகு போலீசு அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கும்போது இடது கால் பலகையில் இருக்கட்டும். ஏறும் மலையிலும் இறங்கும் மலையிலும் கர்த்தர் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராக, அவர் கண் அசரமாட்டார். அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும்.

மறக்காமல் ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் மூக்கில் வைத்துப் பார். நாறினால் எழுந்து போய் உஸ்தாத் பக்கத்தில் உட்கார். நாறாவிட்டால் ஊருக்கு வா, ஆடு மேய்க்கலாம், வேறே இடம் காலி இல்லை. சற்றுமுன் அப்பா இதை நீட்டி, நாறுதா பாரு என்றார். நான் மோந்து பார்த்தேன், அவரும் வாங்கி மோந்து பார்த்தார். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

இப்படிக்கு
உன் அம்மா
ரூத்தம்மாள்