பன்னிரண்டு கையெழுத்து

மயிலாப்பூர்,
21-2-1976, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி ஜவஹருக்கு,

அக்கா சுந்தரவல்லி எழுதுவது. அப்பா நலம். நானும் வியாழக்கிழமை காலை வரை நலமாகத்தான் இருந்தேன்.

இதைத் தபாலில் போடப் பயமாக இருக்கிறது. நூலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கமர் ஜஹான், நீ இருக்கும் நாக்பூரிலேயே உள்ள தன் அக்கா வீட்டுக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் கல்லூரி நூலகத்தில் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். எதை வைப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யத் தலைமை நூலகர் கஸ்தூரிரங்கன் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு சீட்டு. எடுத்துப் படிப்பவர் பெயரும் உறுப்பினர் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்தில் பன்னிரண்டு கையெழுத்து இருந்தால் சந்தா தொடரும். இல்லாவிட்டால் நிறுத்தம். படிப்பின் அருமையைத் தலையெண்ணிப் பார்க்கிற மனிதர், என்ன செய்வது!

லண்டனிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குத்தகை விவசாயிகளைப் பற்றி ஒரு பத்திரிகை வருகிறது. அதைப் படிக்கும் ஒரே ஆள் வேம்பு சார். ஓய்வு பெற்ற பேராசிரியர், எழுபத்தொரு வயது. திருவான்மியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பூதக்கண்ணாடி வைத்து வரி வரியாகப் படிப்பார். டிசம்பர் கடைசியில் சீட்டைப் பார்த்தால் நாலே கையெழுத்து, நாலும் அவருடையது. எனக்கு மனசு கேட்கவில்லை. மீதி எட்டையும் நானே போட்டேன்.

உன் பெயரில்.

நீ இங்கே படித்தபோது வாங்கிய உறுப்பினர் எண் இன்னும் ரத்தாகவில்லை, எனக்கு மனப்பாடம். உன் ப்ரோக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை வேறு. ஒரு பத்திரிகையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று பால்கோவா வாங்கித் தின்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பத்திரிகையின் கடைசி இதழில் நெருக்கடி நிலையைத் தாக்கி ஒரு கட்டுரை இருக்கிறதாம். இதை யார் யார் படித்தார்கள் என்று கேட்டார்கள். கஸ்தூரிரங்கன் சார் பதறிப்போய், கேட்காத சீட்டையும் தானே எடுத்து நீட்டினார். இரண்டே பேர்தானா, எட்டு தடவை படித்த இந்த ஆள் யார் என்று ஒருவர் கேட்டார். பழைய பதிவேட்டில் தேடித்தான் சொல்ல வேண்டும் என்று இழுத்தேன். இப்போது சீட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறது. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்வார்கள், என்னையும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் புது அரசாங்க வேலைக்கான போலீஸ் விசாரணை இன்னும் முடியவில்லை என்பது நினைவுக்கு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஹனீஃபாவின் மைத்துனரை ஒரு துண்டுப் பிரசுரத்துக்காகக் கூட்டிப்போனார்களே, பதினெட்டு நாளாகியும் எங்கே என்று தெரியவில்லை.

நேற்று வேம்பு சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். தானே போய்ச் சொல்லிவிடுவதாகக் கிளம்பினார். இரண்டு முறை நெஞ்சுவலி வந்தவர். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இந்த வருடமும் பத்திரிகை வருமா அம்மா என்று கேட்டார். கோபிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அட்டெண்டர் பொன்ராஜ்தான் தைரியம் சொன்னார். "நீ இன்னாத்துக்குமா பயந்துகினு கீற? பெரியவரு தெனம் நூஸ் பேப்பர் மட்டும்தான் பட்ச்சாருன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். எட்டு மட்டுமல்ல, பன்னிரண்டும் நான் போட்டதே என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். எங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டு என்றால்? நேற்று மாலையிலிருந்து பழைய பேப்பர் ஓரத்தில் வேம்பு சாரின் கையெழுத்தைப் போட்டுப் பழகுகிறேன். அவர் கை நடுக்கம்தான் முதலில் வரவில்லை. இன்று காலையிலிருந்து அதுவும் தானாக வருகிறது.

அறுபத்துமூவர் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வராதே. நான் வரச் சொல்லி எழுதினாலும் வராதே. திங்கட்கிழமை நான் வீடு திரும்பத் தாமதமானால் பேச்சியம்மாள் சித்தி அப்பாவோடு இருப்பாள்.

கூட இருக்கும் சிறு கடிதத்தை மட்டும் பத்திரமாக வை. யாராவது கேட்டால் காட்டு.

உன் அக்கா,
சுந்தரவல்லி.


மயிலாப்பூர்,
21-2-1976.

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் நூலகச் சீட்டில் உன் பெயரையும் வேம்பு என்பவர் பெயரையும் எழுதிப் பன்னிரண்டு கையெழுத்தும் போட்டது நான்தான். உனக்கு இது தெரியாது. அந்தப் பெரியவர் அந்தப் பத்திரிகையைத் தொட்டதுகூடக் கிடையாது. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இதுவரை என் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, 'அப்பாவுக்கு நமஸ்காரம்' என்று ஒரு வரி சேர்த்து ஒப்பேற்றினாய். இனி அப்பாவுக்கு நீயே தனியாகக் கடிதம் எழுது. எழுத்தைப் பெரிதாக எழுது, அவருக்குப் படித்துக் காட்ட ஆள் இல்லாமல் இருக்கலாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி.

சுந்தரவல்லி.