பல்செட்டும் பரீட்சையும்

ஜூலை 7

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் என் வீட்டுக்காரர். எட்டு மணி நேர வேலை தொழிலாளியின் உரிமையாம். தொழிற்சங்கச் செயலாளர் இல்லையா, பல் தேய்க்கும்போதுகூட மேடைப் பேச்சுதான். வாய் கொப்பளித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்: மாலைக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

"நாப்பத்தாறு வயசுல படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? ராத்திரி சாப்பாடு யாரு பண்றது?"

"அப்போ எனக்கு எத்தனை மணி நேர வேலைங்க?" என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூலை 19

பிரஷர் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். "வேலை, வீடு, காலேஜ்னு ஓடாதீங்க. காலேஜ விட்டுட்டு மனசுக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு ஏதாவது வச்சுக்கங்க."

காலேஜ்தான் சார் என் பொழுதுபோக்கு என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வகுப்பறையில் இரண்டு மணி நேரம் யாரும் 'டீ என்னாச்சு' என்று கேட்பதில்லை. அதைவிட நல்ல மாத்திரை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

ஆகஸ்ட் 2

இன்று மானம் போனது. பல்செட் செய்யும் எங்கள் லேபில் முதலில் மெழுகில்தான் பல்லை அடுக்குவோம். ஒரு பெரியவருக்கு மேல்வரிசை அடுக்கி முடித்துவிட்டு, கொஞ்சம் படிக்கலாமே என்று புத்தகத்தைப் பிரித்தேன். செட்டை வைத்த இடம் - எரிகிற பர்னர் பக்கத்தில்! நாடாளுமன்றப் பாடம் முடிவதற்குள் மெழுகு இளகி, முன்பல் நான்கும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.

முதலாளி எல்லார் எதிரிலும் தூக்கிக் காட்டினார். "படிப்பு தலைக்கேறிடுச்சும்மா உங்களுக்கு."

தப்பு என்னுடையதுதான். உட்கார்ந்து மறுபடி அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் போன மாதம் இங்கேயே வேலை பார்க்கும் அவர் மச்சான் ஒரு தாடை மாடலையே கீழே போட்டு உடைத்தாரே, அவர் தலைக்கு என்ன ஏறியிருந்தது?

ஆகஸ்ட் 3

நிறுத்த மாட்டேன்.

நவம்பர் 10

பரீட்சைக்கு இரண்டு நாள் அரை லீவு கேட்டேன். "போனீங்கன்னா அப்படியே போயிடுங்க" என்றார் முதலாளி. இத்தனை வருஷம் உழைத்ததற்கு இந்த மரியாதை.

வீட்டில் சொன்னால் இவர், "இந்த வருஷம் விட்டுடு. வேலைதான முக்கியம்" என்கிறார்.

"உங்க சங்கத்துல ஒருத்தி வந்து அழுதா, அவகிட்டயும் இதைத்தான் சொல்வீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் பயம்தான். வேலை போனால்? போகட்டும்னு எழுதக் கை வரல. ஆனா போவேன். பரீட்சைக்குப் போயே தீருவேன்.

நவம்பர் 14

எழுதிவிட்டேன். விரலெல்லாம் வலி. நேராக லேபுக்குப் போனால் என் ஸ்டூலில் முதலாளியின் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தி என்னுடையது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், ஆமாம்.

இவர் கேட்டதும் துள்ளி எழுந்தார். "உன்னை நிறுத்த அவன் யாரு? நாளைக்கே சங்கத்துலேருந்து வந்து நான் பேசறேன்."

"நானே பேசிக்கிறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும். இப்ப சமையலைப் பாருங்க, நாளைக்கு எனக்கு இன்னொரு பரீட்சை."

சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம்.

"உப்ப எங்க வச்சிருக்க?"

"தேடுங்க" என்றேன்.